நின்றுபோன ஹோண்டா செவன்ட்டியை வீட்டிலேயே எழுப்புவது

பினாங்கில் பழைய ஹோண்டா செவன்ட்டி மோட்டார்சைக்கிள் ஓடி ஓடித் தேய்ந்து செத்ததாகக் கேள்விப்படுவது அரிது. நின்றுதான் சாகிறது. தாத்தா ஓட்டிய வண்டி அவருக்குப் பிறகு படிக்கட்டுக்குக் கீழே போகும். மேலே ஒரு கேன்வாஸ் விழும். பத்து வருடம் கழித்து யாராவது அதைத் தூக்கிப் பார்த்தால் டயர் தரையோடு ஒட்டியிருக்கும், பிரேக் பிடித்திருக்கும், கிக்கர் அசையாது. ஜெலுத்தோங், பட்டர்வொர்த் மாதிரி கடல் பக்கத்து வீடென்றால் இன்னும் மோசம். மூடி வைத்தால் பத்திரம் என்று நினைக்கிறோம். ஆனால் உப்பும் ஈரமும் கலந்த காற்று கேன்வாஸுக்குள் புகுந்த பிறகு வெளியே போக வழியிருக்காது. வெயில் படும் திண்ணையில் திறந்தே கிடந்த வண்டி பல சமயம் மூடி வைத்த வண்டியைவிட நல்ல நிலையில் இருக்கும்.

அப்படிப்பட்ட வண்டியை எழுப்புவதில் முக்கால்வாசித் தவறும் வரிசையில்தான் நடக்கிறது. ஆயுத பூஜைக்குள் பளபளவென்று நிறுத்தி எலுமிச்சை நசுக்க வேண்டும் என்ற ஆசையில் முதலில் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். பிறகு எஞ்சினை இறக்கும்போது புதுப் பெயிண்ட் கீறுகிறது, பெட்ரோல் சிந்தி உரிகிறது, பெயிண்ட் மூடிய இடங்களில் எர்த் கிடைக்காமல் விளக்கு எரிவதில்லை. பெயிண்ட் கடைசி வேலை. அதற்கு முன்னால் கெரான் (வண்டியின் பதிவுச் சான்று), எஞ்சின் சுற்றுகிறதா, பெட்ரோல், நெருப்பு (பிளக்கில் வரும் பொறி), பிரேக், வயர் என்று இந்த வரிசையிலேயே போக வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் 6 வோல்ட், பாயிண்ட் (திறந்து மூடி நெருப்பை வரவைக்கும் தொடுமுனை) வைத்த, மூன்று கியர் சி70-க்கு. 1958-ல் ஹோண்டா கொண்டுவந்த சூப்பர் கப் குடும்பத்துப் பிள்ளை இது. 2017-ல் அந்தக் குடும்பத்தின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. நம் ஊரில் சின்ன மோட்டார் எல்லாவற்றையும் கப்சாய் என்று கூப்பிடுகிறோமே, அந்தக் ‘கப்’ இதுதான். இவ்வளவு பெருகிய வண்டி என்பதால் உள்சாமான் இன்றும் கிடைக்கிறது. மறுசீரமைப்பில் முதல் தடவை கை வைப்பவருக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது.

ஒரு வெள்ளி (ரிங்கிட்) செலவழிக்கும் முன்னால் கெரானைப் பாருங்கள். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் அதில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எண் துருவில் மறைந்திருந்தால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். கம்பி பிரஷ், கிரைண்டர், உப்புத்தாள் எதுவும் அந்த இடத்தில் படக்கூடாது. எண்ணைச் சுற்றித் தேய்த்த தடம் இருந்தால் வண்டிச் சோதனையில் எண்ணை மாற்றியதாகச் சந்தேகம் வரும். அதை விளக்கி முடிப்பதற்குள் எஞ்சின் வேலையையே முடித்துவிடலாம். கெரானில் இருப்பவர் காலமாகியிருந்தால் பெயர் மாற்றம் வாரிசுப் பத்திரத்தோடு நடக்கும் காரியம். அதை ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) கவுண்டரில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 150 சிசிக்குள் இருப்பதால் ரோட்டெக்ஸ் (சாலை வரி) வருடத்துக்கு 2 வெள்ளிதான். தொந்தரவு பணத்தில் இல்லை, தாளில் இருக்கிறது.

அடுத்து, ஸ்குரூ டிரைவர். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் எஞ்சின் கவரில் இருக்கும் கூட்டல் குறி ஸ்குரூக்கள் ஜப்பானிய ஜேஐஎஸ் அளவு. சாதாரண பிலிப்ஸ் டிரைவர் நுனி அதில் முழுதாக உட்காராது. பலம் கொடுத்ததும் மேலே ஏறி, தலையை வட்டமாக அரித்துவிடும். ஜேஐஎஸ் நுனி ஒன்று வாங்குங்கள், கூடவே சுத்தியால் தட்டினால் திரும்பும் கை இம்பேக்ட் டிரைவர் ஒன்றும். தட்டும் அடியே துருவை உடைக்கும், அதே அடி நுனியைப் பள்ளத்துக்குள் அழுத்திப் பிடிக்கும். கழற்றிய ஸ்குரூக்களை ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். ஒரே கவரில் நீளம் வேறுபடும். நீளமானதைக் குட்டையின் துளையில் முறுக்கினால் அலுமினியம் விரிசல் விடும்.

இனி எஞ்சின். கிக்கர் அசையவில்லை என்றால் அதன் மேல் ஏறி நிற்காதீர்கள். உள்ளே உடைவது பிஸ்டன் பிடிப்பு அல்ல, கிக்கர் பல். பிளக்கைக் கழற்றி உள்ளே எண்ணெய் ஊற்றி ஊறவைப்பது எல்லாரும் சொல்லும் வழி. இந்த வண்டியில் அது அப்படியே பலிக்காது. காரணம், சி70-யின் சிலிண்டர் கிட்டத்தட்டப் படுத்த மாதிரி இருக்கிறது. ஊற்றிய எண்ணெய் சிலிண்டரின் அடிச் சுவரில் மட்டும் தேங்கி நிற்கும். ரிங் பிடித்திருப்பது மேல் பக்கமென்றால் ஒரு மாதம் ஊறினாலும் அங்கே ஒரு சொட்டு போகாது.

அதனால் எஞ்சினை இறக்கிவிடுங்கள். பயப்பட வேண்டாம், பிரேமில் அது இரண்டே நீள போல்ட்டில் தொங்குகிறது. புகைக்குழாய், கார்ப்பரேட்டர், கால் வைக்கும் கம்பி, கியர் மிதி, செயின் கவர், செயின், வயர் பிளக்குகள் ஆகியவற்றைக் கழற்றி, அடியில் ஒரு பழைய டயரை வைத்து, இரண்டு போல்ட்டையும் உருவினால் எஞ்சின் டயர் மேல் உட்கார்ந்துவிடும். ஒரு ஆள் தூக்கும் கனம்தான். ஹெட் மேலே பார்க்கும்படி நிறுத்தி, பிளக் துளையில் ஏடிஎஃப் (ஆட்டோ கியர்) எண்ணெயும் டீசலும் பாதிக்குப் பாதி கலந்து 20 மில்லி விடுங்கள். இப்போது பிஸ்டன் தலை முழுவதும் மூழ்கும், ரிங்கைச் சுற்றிலும் இறங்கும். இரண்டு நாள் தொடக்கூடாது.

பிறகு இடது கவரைத் திறந்து மேக்னட் (கிராங்க் முனையில் சுற்றும் காந்தச் சக்கரம்) நட்டில் ஸ்பேனா போட்டு அசைத்துப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. இடப் பக்கமிருந்து பார்த்தால் இந்த எஞ்சின் சுற்றும் திசை கடிகாரத்துக்கு எதிர்த் திசை. நட் அவிழும் திசையும் அதுவேதான். எஞ்சின் அசைந்துவிட்டது என்று சந்தோஷப்படும்போது பல சமயம் அவிழ்ந்தது நட்டாக இருக்கும். இறுக்கும் திசையில் மெதுவாக அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு, அரை மில்லிமீட்டர் அசைவு கிடைக்கிறதா என்று கையால் உணருங்கள். அந்த அரை மில்லி கிடைத்துவிட்டால் வேலை முடிந்த மாதிரி. முன்னும் பின்னும் ஆட்டி, கொஞ்சம் எண்ணெய் விட்டு, மறுநாள் மறுபடி ஆட்டினால் ஒரு முழுச் சுற்று வந்துவிடும். நான்கைந்து நாள் ஆகியும் இம்மி அசையவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். மேக்னட்டைச் சுத்தியால் அடித்துக் கழற்றுவதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். காந்தம் விரிசல் விடும், கிராங்க் முனை மரை நசுங்கும். அதற்கென்று இருக்கும் புல்லர் மலிவானது, கப்சாய் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

சுற்ற ஆரம்பித்ததும் கம்ப்ரெஷன் அளக்கலாம். கேஜுக்கு 10 மில்லிமீட்டர் மரை அடாப்டர் தேவை, இந்த பிளக் அவ்வளவு மெல்லியது. பழைய எண்ணெயை ஊதி வெளியேற்றிவிட்டு, கார்ப்பரேட்டர் கழற்றியபடியே, எஞ்சினை அசையாமல் பிடித்து ஏழெட்டு கிக். 150 பிஎஸ்ஐ சுற்றி வந்தால் ஹெட்டையும் பிளாக்கையும் தொடவே வேண்டாம். 100-க்குக் கீழே என்றால் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை உள்ளே விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு சரியாக மூடவில்லை. வால்வு என்று முடிவு கட்டும் முன்னால் டேப்பட் (வால்வைத் தள்ளும் ஸ்குரூ) இடைவெளியைப் பாருங்கள், ஆறிய எஞ்சினில் இரண்டு வால்வுக்கும் 0.05 மில்லிமீட்டர். பல வருடம் நின்ற வண்டியில் இடைவெளியே இல்லாமல் வால்வு தொங்கிக்கொண்டிருப்பதும், வால்வு உட்காருமிடத்தில் ஒரு துணுக்குத் துரு மாட்டியிருப்பதும் உண்டு. அரை மணி நேரம் ஓடினால் அது தானாகவே சரியாகலாம்.

போர் அடிக்க (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்க) வேண்டி வந்தால், முதலில் பிஸ்டனை வாங்குங்கள், பிறகு பிளாக்கை லேத்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். அசல் விட்டம் 47 மில்லி. அதற்கு மேல் 0.25, 0.50, 0.75, 1.00 என்று அளவுகள் ஏறும். “அண்ணே, 50-க்கு அடிச்சு வச்சுருங்க, பிஸ்டன் அப்புறம் கொண்டாறேன்” என்று சொல்லிவிட்டு வருவது தவறு. கையில் இருக்கும் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து அதற்கு இடைவெளி விட்டு அடிப்பதுதான் போர். பெட்டியில் அச்சடித்த எண்ணுக்கு அடிப்பது குருட்டு வேலை. நல்ல லேத்துக்காரர் பிஸ்டன் இல்லாமல் பிளாக்கை வாங்கவே மாட்டார். வீட்டுக்கு வந்ததும் புது ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ரிங் முனைகளுக்கு இடையே பீலர் கேஜ் விடுங்கள். 0.15-லிருந்து 0.35 மில்லிக்குள் இருக்க வேண்டும். மூன்று ரிங் வாய்களும் ஒன்றுக்கொன்று 120 டிகிரி தள்ளி நிற்க வேண்டும். பிஸ்டன் தலையில் ‘ஐஎன்’ என்ற எழுத்து கார்ப்பரேட்டர் பக்கம். பின் கிளிப் எப்போதும் புதிது. ஹெட் நட்டுகள் குறுக்குக் குறுக்காக, மூன்று சுற்றில், முடிவில் 10 நியூட்டன் மீட்டர் சுமார். கை பலத்தை நம்புகிறவர்கள்தான் ஸ்டட்டை உருவி எடுக்கிறார்கள். கேம் செயின் மாட்டும்போது மேக்னட்டில் ‘டி’ கோடு கேசின் கோட்டுக்கு நேராக, கேம் பல்சக்கரத்தின் வட்டக்குறி ஹெட்டின் வெட்டுக்கு நேராக. மாட்டியதும் பிளக் இல்லாமல் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி மறுபடி பாருங்கள். முட்டும் சத்தம் வந்தால் நிறுத்துங்கள்.

பெட்ரோல் டேங்க் இந்த வண்டியில் சீட்டுக்குக் கீழே, சுமார் 4 லிட்டர். உள்ளே டார்ச் அடித்தால் காய்ந்த வாழைச்சருகு மாதிரி துரு அடுக்கடுக்காகத் தெரியும். அதைத் துடைக்காமல் புது பெட்ரோல் ஊற்றி ஓட்டினால் கார்ப்பரேட்டரைக் கழுவிக் கழுவியே காலம் போகும். கடையில் விற்கும் அமிலங்களை விட, கேக் சாமான் கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலப் பொடி போதும், பெயிண்டையும் அவ்வளவாகத் தின்னாது. ஒரு லிட்டர் வெந்நீருக்கு 60 கிராம். பெட்ரோல் போகும் குழாயை ஒரு ரப்பர் துண்டும் போல்ட்டும் போட்டு அடைத்து, விளிம்பு வரை நிரப்பி ஒரு இரவு வையுங்கள். துருவை உடைக்க நட்டுகளைப் போட்டுக் குலுக்குவது வழக்கம். அதில் ஒன்று உள்ளே மூலையில் சிக்கிக்கொண்டால் பிறகு ஆயுளுக்கும் கலகலக்கும். ஒரு முழ நீள மெல்லிய இரும்புச் சங்கிலியைப் போட்டு, முனையில் கம்பி கட்டிக் குலுக்கினால் அதே வேலை நடக்கும், இழுத்தால் முழுதாக வந்துவிடும்.

கஷ்டமான நிமிடம் கழுவிய பிறகு வருவது. அமிலத்தைக் கொட்டியதும் உள்ளே சாம்பல் நிறத்தில் சுத்தமான இரும்பு தெரியும். நம் ஊர் ஈரத்தில் பத்து நிமிடம் விட்டால் அது கண் முன்னாலேயே மஞ்சளாக மாறத் தொடங்கும். ஆகவே எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கரண்டி சமையல் சோடா கலந்து ஒரு அலசு, நல்ல தண்ணீரில் இரண்டு அலசு, உடனே ஹேர் டிரையர். டேங்கின் வெளிப்பக்கம் தொட்டால் சூடாகத் தெரியும் வரை விடாதீர்கள். ஆறியதும், டிரையரின் பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்ட பிறகு மட்டும், 100 மில்லி பெட்ரோலில் 20 மில்லி 2டி (டூ-ஸ்ட்ரோக்) எண்ணெய் கலந்து உள்ளே எல்லாப் பக்கமும் படும்படி உருட்டுங்கள். அந்த எண்ணெய்ப் படலம்தான் அடுத்து பெட்ரோல் நிரப்பும் வரை காவல். உள்ளே பூசும் கோட்டிங் ஓட்டை விழுந்த டேங்குக்கு மட்டும். நல்ல இரும்பில் பூசினால் சில வருடத்தில் தோலாக உரிந்து குழாயை அடைக்கும்.

கார்ப்பரேட்டரில் பெட்ரோல் திறக்கும் குமிழும், அடியில் சின்னக் கிண்ணமும் சல்லடையும் சேர்ந்தே இருக்கும். அந்தச் சல்லடையை மறந்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் கழுவுகிறவர்கள் நிறைய. ஜெட்டின் துளையில் குண்டூசி விடாதீர்கள், பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும். மெல்லிய மின்வயரை உரித்து அதில் ஒரே ஒரு செம்பு இழையை எடுத்து விட்டால் போதும். ஏர் ஸ்குரூவை மெதுவாக முழுக்க மூடி ஒன்றரைச் சுற்றுத் திறந்து தொடங்குங்கள். இன்லெட்டில் இருக்கும் ஓ-ரிங்கைக் கட்டாயம் மாற்றுங்கள். பழையது கல்லாக இறுகி அங்கே காற்று இழுத்தால் ஐடிலில் வண்டி நிற்காது, என்ன டியூன் செய்தாலும் பிடிபடாது.

நெருப்பு வரவில்லை என்றதும் காயில் போச்சு என்று புதுக் காயில் வாங்க ஓடுகிறார்கள். பத்து வருடம் நின்ற வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பாயிண்ட். மேக்னட்டில் இருக்கும் ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு முகமும் பளபளக்காமல் மங்கலான சாம்பல் நிறத்தில் இருந்தால் அதுதான் வியாதி. 600 உப்புத்தாளை மடித்து நடுவில் விட்டு நான்கைந்து இழு இழுங்கள். இத்தோடு விட்டுவிட்டால் நெருப்பு வராது. உப்புத்தாளின் பொடியும் கைப் பிசுக்கும் முகத்தில் ஒட்டியிருக்கும், 6 வோல்ட்டுக்கு அந்தப் படலமே சுவர் மாதிரி. வெள்ளைத் தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து, தின்னரில் நனைத்து, பாயிண்ட் மூடியிருக்கும்போது நடுவே இழுங்கள். கருப்புக் கோடு விழும். இன்னொரு துண்டு, சாம்பல் கோடு. மூன்றாவது, நான்காவது துண்டு வெள்ளையாகவே வெளியே வரும்போது நிறுத்தலாம்.

இடைவெளி அதிகம் திறக்கும் இடத்தில் 0.35 மில்லி. பிறகு டைமிங். மேக்னட்டின் ‘எஃப்’ கோடு கேசின் கோட்டுக்கு நேராக வரும்போதுதான் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். சிகரெட் சுற்றும் மெல்லிய தாளைப் பாயிண்டில் கடிக்கவிட்டு, மேக்னட்டை மெதுவாகச் சுற்றி, தாள் விடுபடும் நொடியைப் பாருங்கள். இடைவெளியைக் கூட்டினால் சீக்கிரம் திறக்கும், குறைத்தால் தாமதம். ஆகவே இரண்டும் தனித்தனி வேலை இல்லை, 0.3-க்கும் 0.4-க்கும் நடுவே இடைவெளியை நகர்த்தியே கோட்டைப் பிடித்துவிடலாம். அந்த எல்லைக்குள் பிடிபடவில்லை என்றால் பாயிண்டின் குதிகால் தேய்ந்துவிட்டது, புதிது போடுங்கள். ஓடும்போது பாயிண்டில் நீல வெள்ளையாகப் பெரிய பொறி பறந்தால் கண்டென்சர் போய்விட்டது. பிளக் என்ஜிகே சி7எச்எஸ்ஏ, இடைவெளி 0.6 முதல் 0.7. பிளக் வயரின் முனையில் அரை அங்குலம் வெட்டிவிட்டுத் தொப்பியைத் திருகுங்கள், பச்சை பிடித்த செம்பு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

எஞ்சினை ஏற்றும் முன்னால் வலது கவரைத் திறந்து, அடியில் செருகியிருக்கும் ஆயில் சல்லடையை உருவிக் கழுவ வேண்டும். இந்த எஞ்சினுக்குக் காகித பில்டர் கிடையாது. கனமான அழுக்கு கிளட்ச்சின் சுழல் கிண்ணத்தில் சேற்றுக் களிம்பாகச் சேரும், அதையும் வழித்துவிடுங்கள். மின்யாக் ஹித்தாம் (எஞ்சின் ஆயில்) சுமார் முக்கால் லிட்டர். குச்சியைத் திருகாமல் சும்மா வைத்து அளவு பார்க்க வேண்டும். டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கார் எண்ணெயில் உராய்வைக் குறைக்கும் மருந்து இருந்தால் எண்ணெயில் நனைந்தே ஓடும் இந்தக் கிளட்ச் வழுக்கும்.

கிளட்ச் அட்ஜஸ்ட் வலது கவரின் நடுவில். பூட்டு நட்டைத் தளர்த்தி, ஸ்குரூவை வலப்பக்கம் ஒரு சுற்று, பிறகு இடப்பக்கம் மெதுவாக, லேசான பிடிப்பு விரலுக்குத் தெரியும் வரை. அங்கிருந்து திரும்ப வலப்பக்கம் எட்டில் ஒரு பங்கு. பூட்டு. பாயா தெருபோங் ஏற்றத்தில் எஞ்சின் அலறி வேகம் ஏறவில்லை என்றால் இந்த எட்டில் ஒரு பங்கைத்தான் முதலில் பாருங்கள். எத்தனையோ கிளட்ச் தகடுகள் காரணமில்லாமல் மாற்றப்படுகின்றன.

எஞ்சின் ஓடிவிட்டது என்று தெருவில் இறங்காதீர்கள். பிரேக் டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூளை ஊதக்கூடாது, காற்றுக் குழாய் வைத்து அடிக்கவே கூடாது. அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். லைனிங் இரும்பு ஷூவை விட்டுப் பிரிந்து வருகிறதா என்று நகத்தால் நெம்பிப் பாருங்கள். ஈரத்தில் நின்ற வண்டியில் பசை விட்டிருக்கும், ஓட்டத்தில் கழன்றால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். டயர் முன்னால் 2.25-17, பின்னால் 2.50-17. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பழைய டயர் வேண்டாம். பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். டியூபும் ரிம் ரப்பரும் சேர்த்துப் புதிது. ரிம்மில் ஆணிக் கம்பி (ஸ்போக்) 36. உள்பக்கம் துரு பொத்துப் போயிருந்தால் குரோம் அடிக்காமல் ரிம்மையே மாற்றுங்கள்.

முன் சஸ்பென்ஷனில் சின்னக் கைகள் இரண்டு ஆடும், அவற்றின் புஷ் தேய்ந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது ஹேண்டில் நடுங்கும். முன் பிரேக் பிடித்தால் மூக்கு இறங்காமல் மேலே எழும்புவது மட்டும் கோளாறு இல்லை, இந்த அமைப்பின் சுபாவமே அது. ஹேண்டில் கழுத்தைக் கழற்றும்போது அடியில் ஒரு தட்டு வையுங்கள், குண்டுகள் தனித்தனியாக இருக்கும், பொலபொலவென்று கொட்டும். மேல் எத்தனை, கீழ் எத்தனை என்று எண்ணி எழுதிக்கொண்டு, அத்தனையும் புதிதாகப் போடுங்கள். கிண்ணத்தில் குழி விழுந்திருந்தால் கிண்ணமும்.

வயரிங்கில் 12 வோல்ட்டுக்கு மாற்றச் சொல்லி நிறையப் பேர் யோசனை சொல்வார்கள். அவசியம் இல்லை என்பதே எங்கள் உறுதியான கருத்து. 6 வோல்ட் மங்கலாக எரிவதற்குப் பாதிக் காரணம் எர்த். ஒவ்வொரு புல்லட் கனெக்டரையும் பிரித்து, பச்சைக் களிம்பைத் துடைத்து, லேசாக இடுக்கியால் நசுக்கித் திரும்பச் செருகுங்கள். எர்த் வயர் பிரேமைத் தொடும் இடத்தில் இரும்பு பளிச்சென்று தெரியும் வரை சுரண்டி, மாட்டிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். இந்த வண்டியில் ஹெட்லைட் மேக்னட்டிலிருந்து நேராக எரிகிறது, ஐடிலில் மங்குவது இயல்பு. வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் கிடையாது. ஹெட்லைட் பல்ப் ஃபியூஸ் போனால் அதற்குப் போக வேண்டிய மின்சாரமும் பின்விளக்குக்குப் போய், அதுவும் சில நிமிடத்தில் போய்விடும். நம் நாட்டில் 1992-லிருந்து மோட்டார் பகலிலும் விளக்குப் போட்டுத்தான் ஓட வேண்டும், எனவே பல்ப் சீக்கிரம் தேயும். அதே வாட்ஸ் உள்ள 6 வோல்ட் பல்ப் இரண்டு ஜோடி கருவிப் பையில் எப்போதும் இருக்கட்டும்.

பெயிண்டுக்கு வந்தால், நிறத்தை மாற்றுவதென்றால் கெரானிலும் மாற்ற வேண்டும், எனவே பழைய நிறத்தையே அடிப்பது எல்லா வகையிலும் நல்லது. பிரேம் தகட்டை அழுத்திச் செய்தது, உள்ளே வெற்றிடம். பேட்டரிப் பெட்டிக்கு அடியிலும் பின் மட்கார்டு சேரும் மடிப்பிலும் சேறு அடைத்து, துரு உள்ளிருந்து வெளியே வரும். ஸ்குரூ டிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள், உள்ளே போனால் தகடு வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும். பட்டி பூசி மூடினால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. நீர் வடியும் துளைகளைத் திறந்துவிட்டு உள்ளே மெழுகு கலந்த துருத்தடுப்பு ஸ்ப்ரே அடியுங்கள். வீட்டில் ஸ்ப்ரே டப்பா அடிப்பதென்றால் மழை நின்ற சாயங்காலம் வேண்டாம், ஈரக் காற்றில் பெயிண்ட் பால் மாதிரி வெளுக்கும். காலையில் வெயில் ஏறிய பிறகு அடியுங்கள். சாதாரண ஸ்ப்ரே பெட்ரோல் பட்டால் கரையும். இந்த வண்டிக்கோ சீட்டைத் தூக்கித்தான் பெட்ரோல் போட வேண்டும், ஒவ்வொரு தடவையும் இரண்டு சொட்டாவது சிந்தும். டேங்க் மூடியைச் சுற்றி மட்டுமாவது ஹார்டனர் கலந்த 2கே கிளியர் வேண்டும். அந்த ஹார்டனர் நுரையீரலுக்குக் கெடுதல், துணி முகக்கவசம் தடுக்காது. அடுக்குமாடி வராந்தாவில் அதை அடிக்காதீர்கள், பெயிண்ட் கடையில் கொடுத்துவிடுங்கள். கால் மறைக்கும் வெள்ளை பிளாஸ்டிக்கில் பெயிண்ட் ஒட்டாது. தேய்த்துக் கழுவுங்கள், உடைந்திருந்தால் புதிது வாங்குங்கள். சின்னச் சின்ன அசல் சாமான்களுக்கு பினாங்கில் பழைய சாமான் விற்கும் லோரோங் கூலிட் சந்தையில் காலையிலேயே ஒரு சுற்றுப் போவது வீண்போகாது. துருப்பிடித்த அசல் நட் பல சமயம் பளபளக்கும் போலியைவிட நல்ல இரும்பு.

ஓட்டம் பார்ப்பதை வீட்டைச் சுற்றியே தொடங்குங்கள். பினாங்குப் பாலத்தில் பக்கக் காற்று பலமாக அடிக்கும். பிரேக்கின் மேல் நம்பிக்கை வரும் வரை அக்கரைக்குப் போவதென்றால் பெர்ரியில் ஏற்றிப் போகலாம். முதல் 100 கிலோமீட்டரில் எண்ணெயை வடித்து ஒரு வெள்ளைத் தட்டில் பாருங்கள். மினுமினுப்பாகத் தூள் தெரிந்தால் புது ரிங் உட்காருகிறது. துணுக்காகத் தெரிந்தால் எஞ்சினைத் திறக்க வேண்டும். அன்றைக்கே, எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, ஹெட் நட், டேப்பட், பாயிண்ட் இடைவெளி, ஆணிக் கம்பி இறுக்கம், செயின் தொய்வு எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். செயின் தொய்வு 10-லிருந்து 20 மில்லி, கவரின் ரப்பர் மூடியைத் திறந்து விரலால் தூக்கிப் பார்த்தாலே தெரியும். அதே சரிபார்ப்பு 500 கிலோமீட்டரில் இன்னொரு தடவை. பிறகு வாரம் ஒரு முறையாவது இருபது நிமிடம் ஓட்டுங்கள், அந்தக் கேன்வாஸைத் திரும்பப் போர்த்தாதீர்கள்.